நறுமணமும் நினைவும்

 

சில மாதங்களுக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த நேரத்தில் ஓர் இளைஞர் என் அருகில் வந்து அமர்ந்தார். "ஹஜ்ரத், அம்மா ஒரு மஸ்அலா கேட்டு வரச் சொன்னாங்க" என்று தயக்கத்தோடு தொடங்கினார். அவருடைய தந்தை வஃபாத்தாகி எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. மவ்த்துக்கு முந்திய இரவு அவர் கழற்றி மாட்டிய சட்டையைத் தாயார் துவைக்காமல் ஒரு பையில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறார். மனம் தாளாத நேரங்களில் அதை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, மறுபடியும் மடித்து வைத்துவிடுகிறார்.

இதை அறிந்த உறவினர்கள் சிலர் அவரைக் கடிந்துகொண்டார்கள். இறந்தவரின் துணி வீட்டில் இருந்தால் பரக்கத் போய்விடும் என்றார் ஒருவர். இது ஸப்ர் இல்லாததன் அடையாளம், மார்க்கத்துக்கு மாற்றமானது என்றார் இன்னொருவர். எரித்துவிடு என்றுகூட ஒருவர் சொல்லிவிட்டார். "அந்தச் சட்டைய என்ன செய்யணும்னு கேட்டு வரச் சொன்னாங்க" என்று சொல்லி முடித்தபோது அந்த இளைஞரின் கண்களும் கலங்கியிருந்தன.

நான் உடனே பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் வரும்படிக் கூறி அனுப்பினேன். ஒரு வாசனைக்கும் ஒரு மனிதரின் நினைவுக்கும் உள்ள உறவைப் பற்றி நமது மார்க்கம் என்ன கற்றுத் தருகிறது என்பதை முழுமையாகப் பார்த்த பிறகே பதில் சொல்ல வேண்டும் என்று எண்ணினேன். அவ்வாறு பார்த்தவற்றையே இங்கே உங்கள் முன் வைக்கிறேன்.

சட்டையில் வந்த மணம்

திருக்குர்ஆனின் 12ஆவது அத்தியாயமாகிய சூரா யூசுஃபில் சட்டை என்பது மூன்று இடங்களில் பேசப்படுகிறது. சகோதரர்கள் பொய்யான இரத்தத்தைத் தடவிக் கொண்டுவந்த சட்டை முதலாவது (12:18). பின்புறமாகக் கிழிக்கப்பட்டு யூசுஃப் (அலை) அவர்களின் தூய்மைக்குச் சாட்சியான சட்டை இரண்டாவது (12:25-28). எகிப்திலிருந்து தந்தையிடம் அனுப்பி வைக்கப்பட்ட சட்டை மூன்றாவது (12:93).

இந்த மூன்றாவது சட்டையைச் சுமந்துகொண்டு பயணக் கூட்டம் எகிப்தை விட்டுப் புறப்படுகிறது. அது இன்னும் வந்து சேரவில்லை. வெகு தொலைவில் இருக்கும் யஃகூப் (அலை) அவர்கள், தமக்கு யூசுஃபின் வாசனை வருவதாகக் கூறுகிறார்கள். தம்மைப் புத்தி தடுமாறியவர் என்று நீங்கள் எண்ணாதிருக்க வேண்டுமே என்றும் சேர்த்துக் கூறுகிறார்கள் (12:94). இருவருக்கும் இடையே எட்டு நாள் பயணத் தொலைவு இருந்தது என்ற குறிப்பு தஃப்ஸீர் நூல்களில் காணப்படுகிறது. அருகில் இருந்தவர்களோ, நீங்கள் உங்கள் பழைய தவற்றிலேயே இருக்கிறீர்கள் என்று அவர்களைக் குறை கூறினார்கள் (12:95). பிறகு நற்செய்தி கொண்டுவந்தவர் வந்து அச்சட்டையை அவர்களின் முகத்தில் போட்டபோது, அல்லாஹ்வின் நாட்டப்படி, இழந்த பார்வை திரும்பியது (12:96).

பார்வை திரும்பியது ஒரு முஃஜிஸா ஆகும். அது நபிமார்களுக்கே உரியது. எனினும், இந்த நிகழ்ச்சியிலிருந்து எல்லா மனிதர்களும் பெற்றுக்கொள்ள வேண்டிய பாடங்கள் இருக்கின்றன.

முதலாவதாக, யஃகூப் (அலை) அவர்கள் அழகிய பொறுமையை மேற்கொண்டவர்கள் என்று அதே அத்தியாயம் சான்று கூறுகிறது. அவர்களே மகனை நினைத்து வருந்தி, துக்கத்தால் கண்கள் வெளுத்துப் போகும் நிலைக்கும் ஆளானார்கள் (12:84). அப்படியானால் ஸப்ர் என்பதற்கு மறதி என்று பொருளில்லை. அல்லாஹ்வின் தீர்ப்பைக் குறை கூறாமல், துக்கத்தை அவனிடமே முறையிடுவதுதான் ஸப்ர் (12:86).

இரண்டாவதாக, அவர்கள் உணர்ந்தது கடைத்தெருவில் விற்கும் ஒரு வாசனைத் திரவியத்தின் மணம் என்று குர்ஆன் கூறவில்லை. யூசுஃபின் வாசனை என்றே கூறுகிறது. பெற்றவருக்குப் பிள்ளையின் மணம் தெரியும். எத்தனை ஆண்டுகள் கழிந்தாலும் அது நெஞ்சிலிருந்து அழிவதில்லை.

மூன்றாவதாக, ஒருவருடைய நெஞ்சில் இருக்கும் இந்த மணத்தை அருகில் இருப்பவர்கள் உணர்வதில்லை. உணராத காரணத்தால் அவர்களைப் பழித்துவிடுகிறார்கள். அந்தச் சகோதரியை அவருடைய உறவினர்கள் கடிந்துகொண்டதைக் கேட்டபோது எனக்கு நினைவுக்கு வந்தது இந்த வசனம்தான்.

மூக்கிலிருந்து மூளைக்கு

அல்லாஹ் மனிதனைப் படைத்த விதத்தைச் சிந்தித்துப் பார்த்தால், நறுமணத்துக்கும் நினைவுக்கும் இடையே அவன் அமைத்துள்ள தொடர்பு வியப்பளிக்கிறது.

மூக்கின் உட்புறத்தில், மேற்பகுதியில், மணத்தை உணரும் நரம்பணுக்கள் இலட்சக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் மணத் துகள்களைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் மனிதனுக்கு ஏறத்தாழ 400 வகை உண்டு. ஒரு ரோஜாவின் மணம் என்பது ஒரே பொருள் அன்று. பல்வேறு வேதிப் பொருள்களின் சேர்க்கை அது. எந்தெந்த ஏற்பிகள் ஒருசேரத் தூண்டப்படுகின்றன என்பதைக் கொண்டே, இது ரோஜா, இது மல்லிகை, இது சந்தனம் என்று மூளை பிரித்தறிகிறது. இந்த ஏற்பிகளை உருவாக்கும் மரபணுக்களை அமெரிக்க விஞ்ஞானிகள் ரிச்சர்டு ஆக்ஸல், லிண்டா பக் ஆகிய இருவரும் 1991ஆம் ஆண்டு கண்டறிந்து வெளியிட்டார்கள். அதற்காக 2004ஆம் ஆண்டு அவர்களுக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

காணும் காட்சியும் கேட்கும் ஒலியும் மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் என்னும் பகுதியைக் கடந்தே அவற்றுக்குரிய இடத்தை அடைகின்றன. மணத்தின் பாதை வேறு. அது அந்தச் சுற்றுவழியில் செல்லாமல், உணர்ச்சிகளை ஆளும் பகுதிக்கும் நினைவுகளைப் பதிக்கும் பகுதிக்கும் மிக நெருக்கமாகச் சென்று சேர்கிறது. ஆகவேதான் ஒரு பெயரை நினைவுக்குக் கொண்டுவர நாம் முயற்சி செய்ய வேண்டியிருக்கிறது; ஒரு வாசனையோ நம்மைக் கேளாமலேயே பழைய நாட்களுக்கு அழைத்துச் சென்றுவிடுகிறது.

இது குறித்து ஆய்வு செய்தவர்கள் இன்னொன்றையும் கண்டிருக்கிறார்கள். சொற்களும் படங்களும் தூண்டும் நினைவுகள் பெரும்பாலும் வாலிபப் பருவத்தைச் சேர்ந்தவை. வாசனை தூண்டும் நினைவுகளோ பெரும்பாலும் பிறந்தது முதல் பத்து வயதுக்குள் பதிந்தவை. நம் பிள்ளைகள் நம் மடியில் இருக்கும் பருவம் அது. பெற்றோர் இதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இதைப் பற்றிப் பின்னர் பார்ப்போம்.

நபித்தோழர்களின் நினைவில்

நபி (ஸல்) அவர்களை நேரில் கண்டவர்கள், அவர்களின் தோற்றத்தையும் குரலையும் நடையையும் விவரித்ததைப் போலவே மணத்தையும் விவரித்திருக்கிறார்கள்.

ஜாபிர் பின் ஸமுரா (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது நடந்த ஒரு நிகழ்ச்சி முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ளது. தொழுகை முடிந்து நபி (ஸல்) அவர்கள் வெளியே வருகிறார்கள். எதிரே வந்த சிறுவர்களின் கன்னங்களை ஒவ்வொருவராகத் தடவிக் கொடுக்கிறார்கள். ஜாபிரின் கன்னத்தையும் தடவுகிறார்கள். அந்தக் கரத்தின் குளிர்ச்சியையும், அத்தர் வியாபாரியின் பைக்குள்ளிருந்து அப்போதுதான் எடுத்ததைப் போன்ற அதன் மணத்தையும் அவர் பெரியவரான பிறகு மக்களுக்கு எடுத்துச் சொன்னார். அந்தச் சிறுவருக்கு அன்று நபியவர்கள் நீண்ட உபதேசம் எதுவும் செய்யவில்லை. கன்னத்தைத் தடவிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அது வாழ்நாள் முழுவதும் மணந்தது.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள், நபி (ஸல்) அவர்கள் இஹ்ராம் அணிவதற்கு முன்பு தம் கரங்களால் நறுமணம் பூசிவிட்டதை அறிவித்திருக்கிறார்கள். இஹ்ராமில் நுழைந்த பிறகு நறுமணம் பூசுவது கூடாது. ஆனால் முன்பே பூசியது, நபியவர்களின் தலைவகிட்டில் இஹ்ராமுக்குப் பிறகும் மினுமினுத்தது. அந்த மினுமினுப்பை இப்போதும் பார்த்துக்கொண்டிருப்பது போல் இருக்கிறது என்ற கருத்தில் அன்னையவர்கள் கூறியதை புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன. மார்க்கச் சட்ட நூல்களில் இது இஹ்ராம் பற்றிய ஓர் ஆதாரம். அதே வேளையில், கணவரை இழந்த ஒரு மனைவியின் நினைவும் இதில் அடங்கியிருக்கிறது. நபியவர்கள் ஹிஜ்ரி 11இல் மறைந்தார்கள். அன்னையவர்கள் அதற்குப் பின் ஏறத்தாழ 47 ஆண்டுகள் வாழ்ந்தார்கள்.

மூன்றாவது நிகழ்ச்சி அனஸ் (ரலி) அவர்களுடையது. நபி (ஸல்) அவர்கள் தம் வீட்டில் பகல் தூக்கம் கொள்ளும்போது அரும்பும் வியர்வையை, அனஸின் தாயார் உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் ஒரு குப்பியில் சேகரித்து, தம்மிடமிருந்த நறுமணப் பொருளுடன் கலந்து வைத்தார்கள். பத்து ஆண்டுகள் நபியவர்களுக்குப் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள் பஸ்ராவில் ஹிஜ்ரி 90களில் முதுமையெய்தி மரணிக்கும் தறுவாயில், அந்த நறுமணத்திலிருந்து சிறிதை எடுத்துத் தம் ஜனாஸாவுக்குப் பூசும் ஹனூத்தில் சேர்க்கும்படி வஸிய்யத் செய்தார்கள். அவ்வாறே செய்யப்பட்டது (புகாரி). எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர்கள் நெஞ்சில் நின்ற மணம் அது.

நபி (ஸல்) அவர்கள் மூலம் பரக்கத்தை நாடியது அவர்களுக்கு மட்டுமே உரிய சிறப்பு. அதை மற்ற மனிதர்களுக்குப் பொருத்திவிடக் கூடாது. ஆனால், நேசித்தவரின் மணத்தை மறக்காமல் இருப்பது ஈமானுக்கு எதிரானது என்று எவராவது கூறினால், மேற்கண்ட மூவரையும் அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

வெள்ளிக்கிழமையின் மணம்

ஜும்ஆ நாளில் குளித்து, எண்ணெய் தேய்த்து, தம் வீட்டிலுள்ள நறுமணத்தைப் பூசிக்கொண்டு பள்ளிக்கு வந்து, இருவருக்கிடையே பிரித்து நுழையாமல் அமர்ந்து, விதிக்கப்பட்டதைத் தொழுது, இமாம் உரையாற்றும்போது மௌனமாகக் கேட்பவருக்கு, அந்த ஜும்ஆவுக்கும் அடுத்த ஜும்ஆவுக்கும் இடைப்பட்ட பாவங்கள் மன்னிக்கப்படும் என்ற நற்செய்தியை ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (புகாரி). வீட்டில் இருக்கும் மணமே போதும். விலை உயர்ந்ததைத் தேடி அலைய வேண்டியதில்லை.

இந்தக் குளிப்பு எப்படித் தொடங்கியது என்பதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விளக்குகிறார்கள். அக்கால மக்கள் தங்கள் வேலைகளைத் தாங்களே செய்யும் உழைப்பாளிகள். புழுதியும் வியர்வையுமாக அப்படியே ஜும்ஆவுக்கு வந்துவிடுவார்கள். இந்த நாளுக்காக நீங்கள் குளித்துத் தூய்மையாகி வரக்கூடாதா என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் மென்மையாக எடுத்துரைத்தார்கள் (புகாரி). உழைப்பை அவர்கள் இழிவாகக் கருதவில்லை. வியர்வையோடு வந்தவரை விரட்டவும் இல்லை. பக்கத்தில் நிற்பவருக்குச் சிரமம் நேரக் கூடாது என்பதையே கற்றுத் தந்தார்கள். பூண்டும் வெங்காயமும் பச்சையாகத் தின்ற வாயோடு பள்ளிக்கு வரவேண்டாம் என்று கூறியதும் இந்த அடிப்படையில்தான்.

இந்த ஹதீஸைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு என் அத்தாவின் நினைவு வரும்.

அத்தா திண்டுக்கல்லில் ஒரு தோல் மண்டியில் வேலை பார்த்தார்கள். ஆட்டுத்தோலுக்கு உப்பு தடவி அடுக்குவதும், தரம் பிரித்துக் கட்டுவதும் அவர்களுடைய வேலை. அங்கிருந்து தோல்கள் சுண்ணாம்புத் தொட்டிக்கும், பிறகு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய தொட்டிகளுக்கும் பதனிடப் போகும். உப்பிட்ட பச்சைத்தோலின் நாற்றம் எத்தனை முறை சோப்புப் போட்டாலும் விரலிடுக்கிலிருந்து போகாது. வெள்ளிக்கிழமை மட்டும் அத்தா பத்து மணிக்கே வீடு வந்து, அரப்புத் தேய்த்துக் குளித்து, வெள்ளை வேட்டி சட்டை உடுத்தி, சுண்டுவிரல் அளவுள்ள ஒரு குப்பியிலிருந்து அத்தரைத் தொட்டு மணிக்கட்டில் பூசுவார்கள். சிறு பஞ்சில் நனைத்துக் காதின் மேல்மடிப்பில் செருகிக்கொள்வார்கள். மீதியை என் புறங்கையில் தடவிவிடுவார்கள். வழியெல்லாம் நான் கையை முகர்ந்துகொண்டே பள்ளிவாசலுக்குப் போவேன்.

அந்த அத்தர்கள் உத்தரப் பிரதேசத்தில் கங்கைக் கரையோரம் இருக்கும் கன்னோஜ் என்ற ஊரிலிருந்து வருபவை என்று பிற்காலத்தில் அறிந்துகொண்டேன். அங்கே மலர்களைத் தண்ணீரோடு செப்புக் கொப்பரையில் இட்டு, மூடியைக் களிமண்ணால் அடைத்து, விறகுத் தீயில் சூடேற்றுவார்கள். மணம் ஏறிய ஆவி ஒரு மூங்கில் குழாய் வழியாகச் சென்று, குளிர்ந்த நீரில் அமிழ்த்தப்பட்ட இன்னொரு செப்புக் கலயத்தில் இருக்கும் சந்தன எண்ணெயில் படியும். சந்தன எண்ணெய் எளிதில் ஆவியாகாதது. மலரின் மணத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது அதுதான். சூடேறிய மண்ணில் முதல் மழை விழும்போது எழும் மண்வாசனையைக்கூட, சுட்ட களிமண்ணிலிருந்து வடித்து அங்கே அத்தராக்குகிறார்கள். இன்று சந்தனத்தின் விலை ஏறிவிட்டதால், பெரும்பாலான மலிவு அத்தர்களில் வேறு எண்ணெய்களும் செயற்கை மணங்களும்தாம் இருக்கின்றன.

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது, ஒரு நாள் மறந்துவிட்டுப் போன மதிய உணவை அத்தா பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். மண்டியிலிருந்து நேராக வந்திருந்தார்கள். உடன் இருந்த மாணவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். யாரது என்று ஒருவன் கேட்டான். எங்கள் தெருக்காரர் என்று சொல்லிவிட்டேன். அத்தா சற்றுத் தொலைவில்தான் நின்றிருந்தார்கள். அவர்களின் காதில் அது விழுந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அவர்கள் ஒருபோதும் அதைப் பற்றிப் பேசவில்லை. மன்னிப்புக் கேட்க எனக்கும் துணிவு வரவில்லை. நான் மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த காலத்தில் அவர்கள் வஃபாத்தாகிவிட்டார்கள்.

அத்தாவின் அத்தரைப் பள்ளிவாசலில் இன்று யார் யாரோ பூசிவருகிறார்கள். அது மகிழ்ச்சியைத் தருகிறது. ஆனால், பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு நாள், தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றைக் கடந்து பேருந்தில் போனபோது, சன்னல் வழியாகப் பச்சைத்தோலின் வாடை வந்தது. பயணிகள் எல்லோரும் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார்கள். என் கண்களோ நிறைந்துவிட்டன. என் பசி தீர்ந்ததும், என் ஓதலுக்கான செலவு வந்ததும் அந்த வாடையிலிருந்துதான். நோன்பாளியின் வாயிலிருந்து வரும் வாடை அல்லாஹ்விடம் கஸ்தூரியைவிடச் சிறந்தது என்ற ஹதீஸை நாம் ஒவ்வொரு ரமளானிலும் கேட்கிறோம். மனிதர்களின் மூக்கு மதிப்பிடுவதும் அல்லாஹ் மதிப்பிடுவதும் ஒன்றல்ல. இளைஞர்களே! உங்கள் தந்தையின் சட்டையில் மீன் வாடையோ, டீசல் வாடையோ, வியர்வை வாடையோ இருக்கலாம். அது ஹலாலான சம்பாத்தியத்தின் வாடையாக இருந்தால் அதற்காக வெட்கப்படாதீர்கள். மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தால் இன்றே கேட்டுவிடுங்கள்.

துக்கத்தின் எல்லை

நினைவு கூடும் என்றால், துக்கத்துக்கு எல்லையே இல்லையா? உண்டு. அந்த எல்லையையும் நறுமணத்தைக் கொண்டே மார்க்கம் வரையறுத்துக் காட்டுகிறது.

அன்னை உம்மு ஹபீபா (ரலி) அவர்களின் தந்தை அபூ ஸுஃப்யான் (ரலி) அவர்கள் இறந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் அன்னையவர்கள் மஞ்சள் நிற நறுமணப் பொருளைக் கொண்டுவரச் செய்து பூசிக்கொண்டார்கள். தமக்கு நறுமணத்தில் நாட்டம் எதுவும் இல்லை என்பதையும் வெளிப்படையாகவே கூறினார்கள். இறந்தவருக்காக ஒரு பெண் மூன்று நாட்களுக்கு மேல் துக்கம் காக்கக் கூடாது. கணவருக்காக மட்டும் நான்கு மாதங்களும் பத்து நாட்களும் காக்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறக் கேட்டதாலேயே அவ்வாறு செய்ததாக விளக்கினார்கள் (புகாரி, முஸ்லிம்). சகோதரரை இழந்த அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களும் இவ்வாறே செய்தார்கள்.

இதிலுள்ள நுட்பத்தைக் கவனியுங்கள். மனம் விரும்பாத நிலையிலும் அவர்கள் நறுமணம் பூசினார்கள். உள்ளத்தின் துயரம் மூன்று நாட்களில் தீர்ந்துவிடும் என்று மார்க்கம் கூறவில்லை. துக்கத்தின் வெளி அடையாளங்களுக்குத்தான் காலவரை விதித்தது. வாழ்க்கைக்குத் திரும்பும் வாசலாக நறுமணம் அமைந்தது. இத்தாவில் இருக்கும் பெண்ணுக்கு நறுமணம் பூசுவது தடுக்கப்பட்டிருக்கிறது. இத்தா முடிந்த பிறகு அந்தத் தடை நீங்கிவிடுகிறது. அதன் பிறகும் அவளை இருட்டறையில் வைத்திருப்பதும், அவள் நல்ல துணி உடுத்தினால் பழிப்பதும் நம் சமூகத்தின் பழக்கமே அன்றி மார்க்கம் அன்று.

அந்தச் சட்டைக்கான பதில்

அடுத்த வாரம் அந்த இளைஞர் வந்தபோது நான் சொன்னது இதுதான்.

இறந்தவரின் துணி வீட்டில் இருந்தால் பரக்கத் போய்விடும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அது மூடநம்பிக்கை. அதே போல, அந்தச் சட்டை வீட்டைக் காக்கும், நன்மை செய்யும் என்று நம்பினால் அதுவும் தவறாகும். நன்மையும் தீமையும் அல்லாஹ்வின் கையில் மட்டுமே உள்ளன. நினைவுக்காக வைத்துக்கொள்வதில் குற்றமில்லை.

ஆனால் பலரும் கவனிக்காத ஒரு சட்டம் இருக்கிறது. ஒருவர் மவ்த்தான உடன் அவருடைய உடைமைகள் அனைத்தும் வாரிசுகளுக்கு உரியவையாகிவிடுகின்றன. சட்டை, கைக்கடிகாரம், கண்ணாடி, பாதி தீர்ந்த அத்தர்க் குப்பி ஆகியவையும் அதில் அடங்கும். எனவே அந்தச் சட்டையை வைத்துக்கொள்ள மற்ற வாரிசுகள் மனமுவந்து சம்மதிக்க வேண்டும். மற்ற துணிகளை ஸதகா கொடுப்பதானாலும் அவர்களின் சம்மதம் வேண்டும். பருவமடையாத பிள்ளைகள் இருந்தால் அவர்களின் பங்கை விட்டுக்கொடுக்கும் உரிமை வேறு எவருக்கும் இல்லை. உணர்ச்சி வேகத்தில் எல்லாவற்றையும் அன்றே அள்ளிக் கொடுத்துவிடுவதும் சரியன்று, எரிப்பது வீண்விரயம்.

அந்த இளைஞர் தம் சகோதரிகளிடம் பேசினார். எல்லோரும் சம்மதித்தார்கள். மற்ற சட்டைகளைத் துவைத்துத் தேய்த்து, தேவையுள்ளவர்களுக்குக் கொடுத்தார்கள். அந்த ஒரு சட்டை மட்டும் தாயாரிடம் இருந்தது. சில வாரங்கள் கழித்து அவர் இன்னொரு கேள்வியோடு வந்தார். "சட்டையில இப்போ வாசனை குறைஞ்சுக்கிட்டே வருது ஹஜ்ரத். அது போயிட்டா என்ன செய்யிறதுன்னு அம்மா கேக்குறாங்க."

சகோதரர்களே, எந்த வாசனையும் நிலைத்து நிற்பதில்லை. துணியிலிருக்கும் மணத் துகள்கள் ஒவ்வொன்றாகக் காற்றில் கலந்துவிடும். முகரும் ஒவ்வொரு முறையும் சிறிது குறையும். இவ்வுலகப் பொருளின் இயல்பு அது. ஆனால் இறந்தவருக்காக நாம் கேட்கும் துஆ குறைவதில்லை. ஒருவர் இறந்த பின்பும் தொடர்பவை நிலையான தர்மமும், பயன் தரும் கல்வியும், அவருக்காகத் துஆச் செய்யும் நல்ல பிள்ளையும்தான் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள் (முஸ்லிம்). சட்டையை எடுக்கும்போதெல்லாம் அவருடைய மஃக்ஃபிரத்துக்காகத் துஆச் செய்யுங்கள். வாசனை போன பிறகும் அந்தப் பழக்கம் உங்களிடம் இருக்கும் என்று சொல்லி அனுப்பினேன்.

நம் வீட்டின் மணம்

மணம் நிறைந்த ஓர் அறைக்குள் சில நிமிடங்கள் இருந்தால் நம் மூக்கு அதை உணராமல் விட்டுவிடுகிறது. அவரவர் வீட்டின் வாசனை அவரவருக்குத் தெரிவதில்லை, விருந்தாளிக்குத் தெரிகிறது. அத்தர் பூசியவரைவிடப் பக்கத்தில் நிற்பவருக்கே அது அதிகம் மணக்கிறது. நம் குணமும் இப்படித்தான். நாம் உணராத நம் குணத்தின் மணத்தை நம் மனைவியும் பிள்ளைகளும் பணியாளரும் உணர்ந்துகொண்டிருக்கிறார்கள். நல்ல நண்பரை கஸ்தூரி வைத்திருப்பவருக்கும், தீய நண்பரைக் கொல்லனின் துருத்திக்கும் நபி (ஸல்) அவர்கள் ஒப்பிட்டது (புகாரி, முஸ்லிம்) இதனால்தான் எத்தனை பொருத்தமாக இருக்கிறது! கஸ்தூரி வைத்திருப்பவரிடமிருந்து எதையும் வாங்காவிட்டாலும் அதன் மணமாவது நமக்குக் கிடைத்துவிடுகிறது.

பத்து வயதுக்குள் பதியும் வாசனைகள் ஆயுள் முழுவதும் நிற்கின்றன என்று முன்பு பார்த்தோம். நம் பிள்ளைகளுக்குள் இப்போது என்ன பதிகிறது? ஃபஜ்ருக்கு எழுந்த தாயின் தொழுகை விரிப்பின் மணமா? நோன்புக் கஞ்சியின் மணமா? ஜும்ஆவுக்குப் புறப்படும் தந்தை புறங்கையில் தடவிவிட்ட அத்தரா? அல்லது, தந்தை என்றாலே நினைவுக்கு வருவது புகையிலை நெடியும் அதட்டலுமா? சந்தன மரத்தின் மணம் அதன் வைரத்தில் இருக்கிறது. அது ஊறிச் சேர்வதற்குப் பல்லாண்டுகள் ஆகின்றன. பிள்ளை வளர்ப்பும் அவ்வாறே. இன்று ஒரு நாள் செய்து நாளை பலன் காண்பதற்கில்லை.

நமது சகோதரிகளுக்கும் ஒரு சொல். அந்நியர் நுகரும்படி நறுமணம் பூசி வெளியே செல்வது தடுக்கப்பட்டுள்ளது. ஆனால் வீட்டுக்குள் கணவருக்காகவும் பிள்ளைகளோடும் மணத்தோடிருப்பதற்குத் தடையில்லை. விருந்துக்குச் செல்பவர்கள் அந்நியருக்காக மணப்பதும், வீட்டார் முன் அடுப்படிப் புகையோடு மட்டுமே இருப்பதும் முறைமாற்றம் ஆகும். இது ஆண்களுக்கும் பொருந்தும்.

நுகரும் ஆற்றலே ஒரு நிஃமத் என்பதை 2020, 2021ஆம் ஆண்டுகளின் கொரோனா காலத்தில் பலர் அனுபவத்தால் அறிந்தார்கள். நோய்த்தொற்றால் வாசனை தெரியாமல் போனவர்கள், உணவு மண்ணைப் போல் இருந்தது என்றார்கள். பெற்ற குழந்தையின் தலையை முகர்ந்தும் எதுவும் தெரியவில்லையே என்று ஒரு தாய் என்னிடமே அழுதார். அதன் பிறகு மெல்ல மெல்ல அது திரும்பியபோது முதலில் உணர்ந்த மணத்துக்காக ஷுக்ரு செய்தவர்கள் உண்டு. இழக்காத நாம் எத்தனை முறை ஷுக்ரு செய்திருக்கிறோம்?

இறுதி மணம்

நம் ஒவ்வொருவருக்கும் கடைசியாகப் பூசப்படும் நறுமணத்தை நாம் நுகரப் போவதில்லை. நபி (ஸல்) அவர்களின் மகளார் இறந்தபோது, இலந்தை இலை கலந்த நீரால் ஒற்றைப்படை எண்ணிக்கையில் குளிப்பாட்டி, இறுதி முறையில் கற்பூரம் சேர்க்கும்படி அவர்கள் கட்டளையிட்டதை உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). இன்றும் நம் ஊர்களில் அவ்வாறே செய்கிறோம். கற்பூரத்தின் மணம் பலருக்குத் தாயையோ தந்தையையோ கடைசியாகப் பார்த்த நினைவைத் தருவது இதனால்தான். அதே கற்பூரத்தின் பெயரை, நல்லடியார்கள் சொர்க்கத்தில் அருந்தும் பானத்தோடும் அல்லாஹ் இணைத்துக் கூறுகிறான் (76:5). பிரிவை நினைவூட்டும் மணம், சந்திப்பின் நம்பிக்கையையும் சுமந்திருக்கிறது.

நாம் போன பின்பு நம் சட்டையை எடுத்து யாராவது முகர்ந்து பார்க்கக்கூடும். அப்போது அவர்களின் நாவு நமக்காகத் துஆச் செய்யும்படி நாம் வாழ வேண்டும். பெற்றோர் உயிரோடு இருப்பவர்கள் இன்று வீடு திரும்பியதும் அவர்கள் பக்கத்தில் சற்று நேரம் அமருங்கள். ஜும்ஆவுக்குப் பிள்ளையை அழைத்துச் செல்பவர்கள் அதன் புறங்கையில் ஒரு துளி அத்தரைத் தடவிவிடுங்கள்.

யஃகூப் (அலை) அவர்களின் துயரைத் துடைத்து, பிரிந்தவர்களை ஒன்று சேர்த்த அல்லாஹ், நம்மை விட்டுச் சென்ற பெற்றோரையும் உற்றாரையும் மன்னித்து, கஸ்தூரி மணக்கும் சுவனத்தில் நம்மையும் அவர்களையும் ஒன்று சேர்ப்பானாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.